எட்டுக்கால் பூச்சி இருக்கும் வீடு

பழைய ஓட்டு வீட்டுக்குக் குடிவந்திருக்கிறீர்கள். மூலைக்கு மூலை எட்டுக்கால் பூச்சி. போதாததற்குக் குளியலறைச் சுவரில் உள்ளங்கை அகலத்தில் ஒன்று, இரவில் விளக்கைப் போட்டதும் விறுவிறுவென்று ஓடியிருக்கிறது. வீட்டில் தவழும் குழந்தை. இதெல்லாம் விஷமா, மருந்து அடித்து ஒழித்துவிடலாமா, சிலந்தியைக் கொல்லக் கூடாது என்று மாமியார் சொல்வதில் ஏதாவது அர்த்தம் இருக்கிறதா என்று கேட்டிருக்கிறீர்கள்.

முடிவை முதலில் சொல்லிவிடுகிறேன். நீங்கள் விவரித்த இரண்டு வகையாலும் குழந்தைக்கு ஆபத்து இல்லை. மருந்து வேண்டாம். ஒட்டடை அடியுங்கள், ஆனால் சிலந்தியைத் தேடிப்போய் அடிக்காதீர்கள். காரணங்களைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். எது எது என்று தெரிந்துவிட்டால் பாதி பயம் போய்விடும்.

விஷம் இருக்கிறதா என்றால், இருக்கிறது. ஏறக்குறைய எல்லாச் சிலந்திகளுக்கும் விஷம் உண்டு. ஈ, கொசு, கரப்பான் மாதிரியான இரையை மடக்குவதற்கு உண்டானது அது. உலகத்தில் இதுவரை பெயரிடப்பட்ட சிலந்தி இனங்கள் 50,000-ஐத் தாண்டிவிட்டன. அவற்றில் மனிதரை ஆஸ்பத்திரிக்கு அனுப்பக்கூடியவை மிகச் சொற்பம். வீட்டுக்குள் திரிகிற சின்னச் சிலந்திகள் பலவற்றின் பல் நம் தோலைச் சரியாகத் துளைக்கவே துளைக்காது. துளைக்கக்கூடியவையும் கையில் அழுத்திப் பிடித்தாலோ, சட்டைக்குள் மாட்டிக்கொண்டாலோதான் கடிக்கும். நம்மைத் தேடி வந்து கடிப்பதில் அவற்றுக்கு ஒரு லாபமும் இல்லை. நாம் அவற்றின் சாப்பாடு இல்லையே.

பழைய வீடு என்பதால்தான் இப்படி என்றும் நினைக்க வேண்டாம். அமெரிக்காவில் வட கரோலினா மாநிலத்தின் ராலே நகரத்தைச் சுற்றி 50 வீடுகளில் என்னென்ன பூச்சிகள் இருக்கின்றன என்று துருவிப் பார்த்து 2016-இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். ஒட்டடைச் சிலந்திக் குடும்பம் 50 வீட்டிலும் இருந்தது. கண்ணாடி ஜன்னலும் கார்பெட்டும் போட்ட வீடுகளிலேயே அந்தக் கதி. ஜன்னலைத் திறந்து வைத்து வாழ்கிற நம் ஊரில் சிலந்தி இல்லாத வீடு என்று ஒன்றை எதிர்பார்க்கவே முடியாது.

சரி, மூலையில் தொங்குகிறவை. உடம்பு சின்னதாக, கால்கள் மட்டும் நூலாக நீண்டு, பரணுக்கு அடியிலும் பீரோவுக்குப் பின்னாலும் தலைகீழாகத் தொங்கினால் அது நீளக்கால் சிலந்திக் குடும்பம். நம் பக்கத்து வீடுகளில் அடிக்கடி கண்ணில் படுவது க்ராஸோப்ரைஸா லயோனி என்ற இனம். பக்கவாட்டில் பார்த்தால் வயிற்றின் பின்முனை கூம்பாக மேலே தூக்கிக்கொண்டு நிற்கும், அதுதான் அடையாளம். வலையை லேசாகத் தொட்டுப் பாருங்கள், உடம்பையே சுழற்றிச் சுழற்றி ஆட ஆரம்பிக்கும். அந்த வேகத்தில் அதன் உருவம் மங்கலாகிவிடும். பல்லிக்கோ குளவிக்கோ எங்கே கடிப்பது என்று குழம்பிப்போகும். தாய்ச் சிலந்தி முட்டைகளை நாலைந்து இழையால் மட்டும் சுற்றி வாயில் கவ்விக்கொண்டே இருக்கும். முட்டை பொரிக்கும்வரை ஏறக்குறையப் பட்டினிதான்.

இந்தக் குடும்பத்தைப் பற்றி ஒரு புரளி பல நாடுகளில் சுற்றுகிறது. உலகத்திலேயே கொடிய விஷம் இதற்குத்தானாம், பல் சின்னதாக இருப்பதால்தான் நாம் பிழைத்தோமாம். சுத்தக் கதை. மனிதருக்குப் பெரிய கெடுதல் செய்யும் விஷம் இதற்குக் கிடையாது. தூங்கும்போது வருஷத்துக்கு எட்டுச் சிலந்தியை விழுங்குகிறோம் என்று சொல்வதும் அதே ரகம்.

லயோனி நமக்குச் செய்யும் உபகாரம் ஒன்று உண்டு. தாய்லாந்தில் டெங்கு கொசு மிகுந்த வீடுகளில் இதே இனத்தை ஆராய்ந்து 1997-இல் ஒரு கட்டுரை வந்தது. பகலில் கடிக்கும் ஏடிஸ் கொசு கட்டிலுக்கு அடியிலும் தொங்கும் துணிகளுக்கு இடையிலும் ஒதுங்குமே, அந்த இடங்களில் இந்தச் சிலந்தி வலை கட்டி அதைப் பிடித்துத் தின்கிறது என்று அதில் எழுதியிருக்கிறார்கள். இதை வளர்த்தே டெங்குவை ஒழித்துவிடலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். தண்ணீர்த் தொட்டியை மூடாமல், வாசலில் தேங்காய்ச் சிரட்டையைக் கிடக்க விட்டுவிட்டுச் சிலந்தியை நம்பிப் பலனில்லை. ஆனால் கொசுவர்த்தி ஏற்றுகிற வீட்டில், அதே வேலையைக் காசு வாங்காமல் செய்கிற ஒன்றைத் துடைப்பத்தால் நசுக்குவது எனக்கு என்றைக்கும் புரிந்ததில்லை.

ஒட்டடைக்குப் பெரும்பாலும் இதுதான் பொறுப்பு. தோட்டத்தில் வட்ட வலை கட்டும் சிலந்திகள் பல, பழைய வலையைத் தின்றுவிட்டுப் புதிதாகக் கட்டும். இது அப்படிச் செய்யாது. கட்டினதற்கு மேலேயே கட்டும், இடம் சரியில்லை என்றால் விட்டுவிட்டு அடுத்த மூலைக்குப் போகும். விட்டுப்போன வலையில் தூசும் சமையலறைப் புகையும் படிந்து கறுத்துத் தொங்கும். அதை அடிப்பதில் தப்பே இல்லை. ஒட்டடைக் கம்பை மெதுவாகச் சுற்றி இழுத்தால் சிலந்தி தானாகவே ஓடி ஒளிந்துகொள்ளும். குழந்தை தூங்கும் அறையிலும் அடுப்படிக்கு மேலேயும் அடிக்கடி எடுங்கள். பரண் மூலையில் ஒன்றிரண்டு இருந்துவிட்டுப் போகட்டும்.

இப்போது குளியலறைக்காரர். உள்ளங்கை அகலம், பழுப்பு நிறம், தட்டையான உடம்பு, நண்டு மாதிரி கால்களைப் பக்கவாட்டில் பரப்பிச் சுவரோடு ஒட்டி உட்காரும், வலை இல்லை, ஓட்டம் மின்னல் வேகம் என்றால் அது ஹெட்டரோபோடா வெனடோரியா. ஹன்ட்ஸ்மேன் என்று சொல்வார்கள். உயிரினங்களுக்கு அறிவியல் பெயர் வைக்கும் முறையை வகுத்த லின்னேயஸ் 1767-லேயே பெயர் வைத்த இனம். ஆசியாவிலிருந்து கப்பல் சரக்கோடு, முக்கியமாக வாழைத்தார்களோடு, உலகத்தின் வெப்ப நாடுகள் முழுக்கப் பரவிவிட்டது. முகத்துக்குக் குறுக்கே கண்களுக்குக் கீழே வெளிறிய பட்டை ஒன்று இருக்கும். டார்ச் அடித்துப் பார்த்தால் தெரியும். உடம்பு 2 முதல் 3 சென்டிமீட்டர்தான். கால்களோடு அளந்தால் 10 சென்டிமீட்டரைத் தாண்டும், நம்மை அலற வைப்பதும் அந்தக் கால்தான்.

இது குளியலறைக்கு வருவது கரப்பானுக்காக. வலை கட்டிக் காத்திருக்கும் வழக்கம் இதற்கு இல்லை. இரவில் சுவரில் அசையாமல் நின்று, கரப்பான் நடக்கும் அதிர்வைக் காலால் உணர்ந்து, ஒரே பாய்ச்சலில் அமுக்கும். பகலில் நிலைக்கதவுச் சட்டத்துக்குப் பின்னாலோ ஓட்டுக்கு அடியிலோ போய்ச் சொருகிக்கொள்ளும். அவ்வளவு தட்டையான உடம்பு அதற்காகத்தான். ஆக உங்கள் வீட்டில் பெரிய சிலந்தி இருக்கிறது என்றால் கரப்பான் இருக்கிறது, சாக்கடைக் குழாய் வழியாக வந்துகொண்டும் இருக்கிறது. சிலந்தியை அடித்துவிட்டுக் கரப்பானை விட்டுவைத்தால் அடுத்த மாதம் இன்னொரு சிலந்தி வரும். குழாய் வாய்க்கு ஜல்லடை மூடி போடுங்கள், ராத்திரி எச்சில் பாத்திரத்தைக் கழுவி வையுங்கள், கரப்பான் குறைந்தால் இதுவும் குறையும்.

சில சமயம் வயிற்றுக்கு அடியில் வெள்ளையாகத் தட்டையாக வட்டமான ஒன்றைச் சுமந்துகொண்டு வரும். முட்டைப் பை அது, உள்ளே நூறுக்கு மேல் முட்டை இருக்கும். அதைச் சுமக்கும் தாய் அதிகம் ஓடாது, சாப்பிடுவதும் குறைவு. துடைப்பத்தால் அடித்தால் சிலந்தி சாகும், பையிலிருந்து குஞ்சுகள் சிதறும். அப்புறம் இரண்டு நாளைக்கு வீடு முழுக்கக் குட்டிச் சிலந்திகளைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். அகலமான பிளாஸ்டிக் டப்பாவை அதன்மேல் கவிழ்த்து, சுவருக்கும் டப்பாவுக்கும் நடுவே காலண்டர் அட்டையைச் செருகி, அப்படியே தூக்கிக் கொல்லைப்புற விறகடுக்கில் விட்டுவிடுங்கள். விளக்குமாற்றால் துரத்தினால் மட்டும் அது எந்தப் பக்கம் ஓடும் என்று சொல்ல முடியாது, சில சமயம் உங்கள் பக்கமே வரும். கையால் பிடித்தால் கடிக்கும். கடித்த இடம் கொஞ்ச நேரம் வலித்து வீங்கும், பெரும்பாலும் அதோடு சரி.

ஒரு சின்னத் தகவல், உபயோகமில்லாததுதான். இந்த இனத்தின் ஆண், பெண்ணின் அருகே வந்ததும் கால்களை அதிரவிட்டு நம் காதுக்கே கேட்கும் மெல்லிய ரீங்காரம் எழுப்பும். அமைதியான ராத்திரியில் கேட்டால் வண்டு என்று நினைத்துக்கொள்வோம்.

ஜன்னல் கம்பியிலும் வெளிச்சுவரிலும் பட்டப்பகலில் நடந்து, நின்று, திரும்பி உங்களையே பார்க்கிற குட்டிச் சிலந்தியை நீங்கள் குறிப்பிடவில்லை. ஆனால் கண்டிப்பாக உங்கள் வீட்டில் இருக்கும். தாவும் சிலந்தி. ஈயைப் பிடிப்பதால் ஈப்புலி என்ற பெயரும் உண்டு. முகப்பில் இரண்டு பெரிய கண்ணும் சுற்றிலும் ஆறு சின்னக் கண்ணும். பெரிய கண்களின் உள்ளே விழித்திரை நகரும், நிறம் தெரியும், பூச்சி உலகத்தின் அளவுக்கு அபாரமான பார்வை. சாம்பல் நிறத்தில் சுவரோடு சுவராக இருந்தால் மெனெமெரஸ். கறுப்பு வெள்ளைக் கோடுகளோடு கொஞ்சம் தடியாக இருந்தால் பிளெக்சிப்பஸ் ஆண். கறுத்த வயிற்றில் வெள்ளைப் பிறை இருந்தால் ஹசாரியஸ்.

தாவுவதற்கு இதன் காலில் பெரிய தசை எதுவும் கிடையாது. சிலந்திக் காலின் முக்கிய மூட்டுகளை நீட்டுவதற்குத் தசையே இல்லை. உடம்பிலுள்ள திரவத்தை அழுத்தித் தள்ளித்தான் கால் நீள்கிறது. செத்த சிலந்தியின் கால்கள் எல்லாம் உள்ளே மடங்கிக் கிடப்பதற்கும் இதுவே காரணம், உயிர் போனதும் அழுத்தமும் போய்விடுகிறது. தாவும் முன் பின்னாலே ஒரு இழையை ஒட்டிவிட்டுத்தான் தாவும். தவறினால் அதைப் பிடித்துக்கொண்டு ஏறி வரும். கிழக்கு ஆப்பிரிக்காவில் விக்டோரியா ஏரிக்கரை வீடுகளில் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்த எவார்ச்சா குலிசிவோரா என்ற இனம் இருக்கிறது. ரத்தம் குடித்து வயிறு உப்பிய கொசுவாகப் பார்த்துத் தேர்ந்தெடுத்துத் தின்னும். மனிதர் போட்டுக் கழற்றிய சாக்ஸ் வாடைக்கு அது ஈர்க்கப்படுகிறது என்றும் சோதித்துக் காட்டியிருக்கிறார்கள். நம் ஊர் ஈப்புலிக்கு அவ்வளவு ருசி பேதம் கிடையாது, கிடைத்ததைத் தின்னும். உங்கள் குழந்தை கொஞ்சம் வளர்ந்ததும் முதலில் காட்ட வேண்டிய சிலந்தி இதுதான். விரலை மெல்ல அசைத்தால் அதுவும் கூடவே திரும்பும்.

சுவரில் நட்சத்திர வடிவில் சின்னதாக வெள்ளைப் படலம் ஒட்டியிருந்தால் அது ஈகோபியஸ் என்ற சிலந்தியின் வலை. சிலந்தி இரண்டு மூன்று மில்லிமீட்டர்தான். எறும்பைச் சுற்றிச் சுற்றி ஓடி நூலால் கட்டிப்போடும். புத்தக அலமாரியில் மெதுவாக ஊர்வது, முதுகு மேடாக, புள்ளி புள்ளியாக இருந்தால் துப்பும் சிலந்தி. வாயிலிருந்து பசையை இரண்டு பக்கமும் வளைந்து வளைந்து பீய்ச்சி இரையைச் சுவரோடு ஒட்டவைத்துவிடும். கண்ணிமைப்பதற்குள் எல்லாம் முடிந்திருக்கும். இவை இரண்டாலும் நமக்கு எந்தத் தொல்லையும் இல்லை.

நீங்கள் கேட்காமல் விட்டதுதான் உண்மையில் குழந்தை உள்ள வீட்டுக்குத் தேவை. காலையில் எழுந்தால் கழுத்திலோ கன்னத்திலோ கோடு கிழித்த மாதிரி சிவந்து, கொப்புளம் கட்டி, எரிகிறது. வீட்டில் எல்லோரும் சொல்வது "எட்டுக்கால் பூச்சி ஊறிடுச்சு" அல்லது "பூச்சி எச்சம் பட்டுடுச்சு". சிலந்தி தோலில் ஊர்வதால் கொப்புளம் வராது. இதைச் செய்வது பெடெரஸ் என்ற வண்டு. ஒரு சென்டிமீட்டருக்கும் குறைவான ஒல்லி உடம்பு, ஆரஞ்சும் கறுப்பும் மாறி மாறி, முதுகில் நீலப் பளபளப்புள்ள குட்டி இறக்கை மூடி. பார்த்தால் பெரிய எறும்பு என்று தோன்றும். மழைக்காலத்திலும் அறுவடைக் காலத்திலும் வயல்வெளிப் பக்கமிருந்து ட்யூப்லைட் வெளிச்சத்துக்கு வந்து படுக்கையில் விழும். அது கடிப்பதும் இல்லை, கொட்டுவதும் இல்லை. மேலே ஊறும்போது நாம் தூக்கக் கலக்கத்தில் நசுக்கித் தேய்க்கிறோம், அதன் உடம்புத் திரவத்திலுள்ள பெடரின் என்ற நச்சு தோலில் படிகிறது. அந்த நச்சைத் தயாரிப்பதுகூட வண்டுக்குள் குடியிருக்கும் ஒரு பாக்டீரியாதான். ஒன்றிரண்டு நாள் கழித்துத்தான் கொப்புளம் கிளம்பும். அதற்குள் வண்டை எல்லோரும் மறந்திருப்பார்கள், மூலையில் தொங்குகிற சிலந்தி மட்டும் கண்முன்னே இருக்கும். பழி அதன் தலையில் விழுந்துவிடுகிறது.

பெடெரஸ் மேலே உட்கார்ந்தால் தட்டாதீர்கள், ஊதிவிடுங்கள். நசுங்கிவிட்டால் உடனே சோப்புப் போட்டுக் கழுவுங்கள். அந்தக் கையால் கண்ணைத் தொடக் கூடாது, கண் இமை வீங்கிவிடும். குழந்தைக்குக் கண் பக்கத்தில் வந்தால் டாக்டரிடம் காட்டுவது நல்லது. அந்தப் பருவத்தில் படுக்கைக்கு நேர் மேலே விளக்கு எரியாமல் பார்த்துக்கொண்டு கொசுவலை போட்டால் பெரும்பாலும் தப்பித்துவிடலாம்.

அக்கியும் சிலந்தியால் வருவதாக நினைப்பவர்கள் இருக்கிறார்கள். இடுப்பிலோ மார்பிலோ உடம்பின் ஒரு பக்கம் மட்டும் பட்டையாகக் கொப்புளம் வந்து, அதற்கு முன்பே அந்த இடம் சுருக் சுருக்கென்று வலித்திருந்தால் அது சின்னம்மை வைரஸ் பல வருஷம் நரம்பில் ஒளிந்திருந்து திரும்ப எழுந்தது. குயவர் வீட்டில் காவிமண்ணால் அக்கி எழுதிக்கொள்ளும் வழக்கம் இன்னும் இருக்கிறது. எழுதிக்கொள்வது உங்கள் விருப்பம். ஆனால் கொப்புளம் கிளம்பி மூன்று நாளைக்குள் வைரஸை அடக்கும் மாத்திரை ஆரம்பித்தால்தான் நன்றாக வேலை செய்யும், எழுதிவிட்டு வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டாம். இன்னொன்று, வெட்டுக் காயத்தில் சிலந்தி வலையை எடுத்து வைக்கும் பழக்கமும் பல ஊர்களில் உண்டு. தூசு படிந்த ஒட்டடையைத் திறந்த காயத்தில் வைப்பது கிருமியை அழைத்து உள்ளே விடுவதுதான்.

ஒதுங்கிப் போக வேண்டிய சிலந்தியே இல்லையா? இருக்கிறது. ராமேஸ்வரம், மேற்குத் தொடர்ச்சி மலை அடிவாரம், இலங்கையின் வடக்கு ஆகிய இடங்களில் இருப்பவர்களுக்கு இது முக்கியம். பொசிலோதீரியா என்ற இனக்குழு. தமிழில் புலிச் சிலந்தி எனலாம். ரோமம் நிறைந்த தடித்த உடம்பு, சாம்பலும் வெள்ளையும் கறுப்பும் கலந்த கோலம், முன்காலைத் தூக்கினால் அடியில் மஞ்சளும் கறுப்பும் பளீரென்று தெரியும். மரப்பொந்தில் வாழ்வது. ராமேஸ்வரத்தில் ஒரு கோவில் தோப்பில் கண்டெடுத்த இனத்துக்கு 2004-இல் ஹனுமவிலாசுமிகா என்று பெயர் வைத்தார்கள்; பிற்பாடு அதே இனம் கடலுக்கு அந்தப் பக்கம் மன்னாரிலும் கிடைத்தது. வட இலங்கையின் மாங்குளத்தில் 2009-இல் கிராமத்தவர் ஒருவர் செத்த சிலந்தி ஒன்றைக் கொண்டுவந்து கொடுக்க, தேடிப் போனவர்களுக்கு அங்கிருந்த ஆஸ்பத்திரியின் பழைய டாக்டர் குவார்ட்டர்ஸிலேயே அது கிடைத்தது. கால்களை விரித்தால் 20 சென்டிமீட்டர். 2012-இல் புது இனமாக ராஜேயி என்று பெயரிட்டு வெளியிட்டார்கள். பெரிய மரங்களை வெட்டிவிட்டோம். பொந்துக்குப் பழகியது இருட்டான பழைய கட்டடத்துக்குக் குடிபெயர்கிறது.

புலிச் சிலந்தி கடித்து யாரும் செத்ததாகப் பதிவில்லை. ஆனால் கடுமையான வலியும், நாள்கணக்கில் விட்டு விட்டு வரும் தசைப்பிடிப்பும் உண்டு. இதற்கென்று தனி மாற்று மருந்து கிடையாது. வலியையும் பிடிப்பையும் குறைக்கத்தான் சிகிச்சை, அதற்கு ஆஸ்பத்திரிக்குப் போயே ஆக வேண்டும். பிளேடால் கீறுவது, வாயால் உறிஞ்சுவது, கயிற்றால் இறுக்கிக் கட்டுவது எதுவும் கூடாது. சோப்புத் தண்ணீரில் கழுவி, துணியில் சுற்றிய ஐஸ் வையுங்கள். அடித்துக் கொல்வதற்குப் பதில் வனத்துறைக்குச் சொல்லுங்கள். அரிதான இனங்கள், வெளிநாட்டில் வளர்ப்பவர்களுக்கு விற்பதற்காகவே பிடித்துக் கடத்துகிறார்கள். 2019-இலிருந்து இந்தக் குழு முழுவதுமே சர்வதேச வணிகக் கட்டுப்பாட்டுக்குள் வந்துவிட்டது.

கறுப்பு விதவை எனப்படும் குழுவைச் சேர்ந்த சில இனங்களும் இந்தியாவிலும் இலங்கையிலும் பதிவாகியிருக்கின்றன. வீட்டுக்குள் அபூர்வம். நெடுநாள் அசைக்காத செங்கல் அடுக்கு, கவிழ்த்து வைத்த பூந்தொட்டி, தோட்டத்துப் பிளாஸ்டிக் நாற்காலியின் அடிப்பக்கம் மாதிரி இடங்களில்தான் இருக்கும். அங்கே கை விடும் முன் ஒரு குச்சியால் தட்டுங்கள். இந்த ஒரு பழக்கம் தேளுக்கும் பூரானுக்கும் சேர்த்தே உதவும். நம் ஊரில் சிலந்தியைவிட அவைதான் அதிகம் கொட்டுகின்றன.

மருந்து விஷயம். கடையில் விற்கும் ஸ்ப்ரேயை நேராக அடித்தால் சிலந்தி சாகும், உண்மை. ஆனால் சுவரிலும் தரையிலும் அடித்துவிட்டுப் போகும் மருந்து, வலையில் தொங்கும் சிலந்திக்கு எட்டுவதே இல்லை. அதன் உடம்பு தரையைத் தொட்டால்தானே? தரையை உண்மையில் தொட்டுத் தடவி விரலை வாயில் வைப்பது உங்கள் குழந்தைதான். அதைவிட விளக்கை மாற்றிப் பாருங்கள். வாசல் விளக்கு வெள்ளையாக இருந்தால் பூச்சி குவியும், பூச்சி குவிந்தால் சிலந்தி வரும். மஞ்சள் விளக்குக்குப் பூச்சி குறைவாகத்தான் வரும். முடிந்தால் விளக்கைக் கதவுக்கு நேர் மேலே வைக்காமல் கொஞ்சம் தள்ளி வையுங்கள்.

சிலந்தியைக் குறைக்க இயற்கையே வைத்திருக்கிற ஆளும் உங்கள் வீட்டில் ஒருவேளை இருக்கலாம். கதவிடுக்கிலோ படத்துக்குப் பின்னாலோ மண்ணில் கூடு கட்டும் ஒல்லி இடுப்புக் குளவி. அதில் ஒரு இனத்துக்கு 1781-லேயே நம் மதராஸின் பெயரை வைத்து மத்ரஸ்படானம் என்று பதிவு செய்துவிட்டார்கள். காலியான கூடு என்று நினைத்து உடைத்தால் உள்ளே குட்டிச் சிலந்திகள் அடுக்கடுக்காக இருக்கும். சாகவில்லை, கொட்டி மயக்கி வைத்தவை. குளவி அவற்றின்மேல் முட்டையிட்டு வாயை மண்ணால் மூடிவிடும். பொரிக்கும் புழு அவற்றைத் தின்று வளர்ந்து குளவியாக வெளியே வரும். கொட்டக் கொட்டப் புழுவும் குளவியாகும் என்று பழமொழி சொன்னவர்கள் பார்த்தது இந்த மாதிரி ஒரு கூட்டைத்தான் என்று நினைக்கிறேன். உள்ளே போனது ஒன்று, வெளியே வந்தது குளவி. நடுவில் நடந்தது தெரியாது. வீட்டில் குளவி கூடு கட்டினால் பிள்ளை பிறக்கும் என்று சொல்லி அந்தக் கூட்டை உடைக்க விடமாட்டார்கள், உங்கள் மாமியாரும் சொல்லக்கூடும்.

அவர் சிலந்தியைக் கொல்லக் கூடாது என்பதற்குத் திருவானைக்காக் கோயில் கதையை நினைத்திருப்பார். நாவல் மரத்தடியில் லிங்கத்தின்மேல் சருகு விழாமல் சிலந்தி வலையால் பந்தல் போட்டது; பூஜைக்கு வந்த யானைக்கு அது அழுக்காகத் தெரிந்தது, பிய்த்து எறிந்தது. தினமும் இதே சண்டை. கடைசியில் சிலந்தி தும்பிக்கைக்குள் புகுந்து கடிக்க, இரண்டும் செத்தன. சிலந்தி மறுபிறவியில் கோச்செங்கட் சோழனாகப் பிறந்து, யானை ஏற முடியாத மாடக்கோயில்களாகக் கட்டித் தள்ளினான். காளஹஸ்திக்கும் சிலந்திக் கதை உண்டு. வலை பந்தலா குப்பையா என்ற வழக்கு இங்கே அத்தனை பழசு. நான் இதில் யானை கட்சியிலும் கொஞ்சம் சேருவேன். வலை தூசு பிடித்த பிறகு குப்பைதான். சிலந்தியைக் கொல்லாமல் வலையை எடுத்துவிட்டால் மாமியாருக்கும் உங்களுக்கும் சண்டை வர வாய்ப்பில்லை.

மொத்தக் கணக்கு வேண்டுமானால் ஒன்று இருக்கிறது. உலகத்துச் சிலந்திகள் எல்லாம் சேர்ந்து வருஷத்துக்கு 40 முதல் 80 கோடி டன் இரையைத் தின்கின்றன என்று 2017-இல் இரண்டு ஆய்வாளர்கள் மதிப்பிட்டார்கள். அதில் பெரும்பங்கு காடும் புல்வெளியும். வீட்டுச் சிலந்தியின் பங்கு சொற்பம்தான்.

தோட்டம் இருந்தால் அங்கே எதையும் தொடாதீர்கள். செடிகளுக்கு நடுவே வட்ட வலையின் மையத்தில் பெருக்கல் குறி போட்டு உட்கார்ந்திருப்பது ஆர்ஜியோப். அந்தக் குறி பூச்சியை இழுக்கவா, பறவையை எச்சரிக்கவா என்று இன்னும் வாதாடிக்கொண்டிருக்கிறார்கள். மார்கழிக் காலையில் புல்தரையில் பனி கோத்த வெள்ளைப் படுதாக்கள் விரிந்திருந்தால், ஒவ்வொன்றின் ஓரத்திலும் புனல் வடிவில் ஒரு பொந்து இருக்கும். அதற்குள் ஹிப்பாசா. மாமரத்தில் முசுறு எறும்புக் கூட்டத்தோடு போகிற ஒரு எறும்பு மட்டும் கொஞ்சம் தனியாக நடந்து, தொட்டதும் நூலில் தொங்கினால் அது எறும்பு வேஷம் போட்ட தாவும் சிலந்தி.

குழந்தைக்காகச் செய்ய வேண்டியவை கொஞ்சம்தான். தூளி கட்டுகிற வீடாக இருந்தால் சேலையைப் படுக்க வைக்கும் முன் ஒருமுறை உதறுங்கள், உத்திரத்தில் அந்த இடத்தை மட்டும் ஒட்டடை இல்லாமல் வையுங்கள். கொடியில் இரவெல்லாம் காய்ந்த துணியை உதறி மடியுங்கள். வாசலில் கிடக்கும் ஷூவைத் தட்டிவிட்டுப் போடுங்கள். கட்டிலைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளிப் போடுங்கள். அப்புறம், வீட்டுக்காரர் அடுத்து வெள்ளையடிக்க ஆள் அனுப்பும்போது, ஓட்டுக்கும் சுவருக்கும் நடுவேயுள்ள இடுக்கையும் குளியலறைக் கதவுச் சட்டத்தின் விரிசலையும் சிமெண்ட் வைத்துப் பூசச் சொல்லுங்கள். பெரியது பகலில் தங்குவது அங்கேதான். பூசும் முன் சாயந்தரம் வரை பொறுத்தால் அதுவே இரை தேடி வெளியே வந்துவிடும்.